மான் வேட்டைக்கு எந்த காலிபர் ரைஃபிள்? அடிக்கடி வர்ற கேள்விகள்

முதல் ரைஃபிள் வாங்கப் போறவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், எந்த காலிபர், அதாவது எந்த அளவு தோட்டா, .308-ஆ, .270-ஆ, இல்ல இப்ப எல்லாரும் பேசுற 6.5 கிரீட்மூரா? திரும்பத் திரும்ப ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிட்டு இருந்ததால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். மான் வேட்டைக்கு சட்டப்படி அனுமதி இருக்குற இடத்துல, லைசென்ஸோட, சீசன்ல சுடுறவங்களுக்கு மட்டும்தான் இது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதை வாங்கலாம்?

250 கெஜத்துக்குள்ளதான் சுடப்போறீங்கன்னா .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர், 7எம்எம்-08, .270, .308, .30-06 இந்த ஆறுல எதை எடுத்தாலும் சரி, மானுக்கு அது தெரியவே தெரியாது. வித்தியாசம் தெரியப்போறது உங்க தோளுக்கும் பர்ஸுக்கும்தான். என்னை ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா சுடும்போது தோள்ல வர்ற உதை கம்மியா வேணும்னா 7எம்எம்-08, தோட்டா எல்லா கடையிலயும் கிடைக்கணும்னா .308.

இந்த நம்பருக்கெல்லாம் என்ன அர்த்தம்? தலை சுத்துது.

சுத்தத்தான் செய்யும், ஏன்னா ஒரே விதி கிடையாது. முதல்ல ஒண்ணு, குண்டுன்னா பேரல் வழியா பறந்து போறது, தோட்டான்னா குண்டு, வெடிமருந்து, ரெண்டையும் பிடிச்சிருக்குற கூடு எல்லாம் சேர்ந்தது. .308 குண்டோட குறுக்களவு 0.308 இன்ச், இது நேர்மையான பேரு. .243-யும் அப்படித்தான். ஆனா .270-ல போற குண்டு 0.277 இன்ச், .223-ல போறது 0.224 இன்ச். .30-06-ன்னா 30 காலிபர், 1906-ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்டது, அந்த வருஷத்தோட கடைசி ரெண்டு நம்பர்தான் 06. அதே மாதிரி .30-30-ஐயும் வருஷம்னு நினைச்சுடாதீங்க, அங்க ரெண்டாவது 30 ஆரம்பத்துல உள்ள போட்ட புகையில்லா மருந்து 30 கிரெய்ன் (சின்ன எடை அளவு, ஒரு கிராமுக்கு சுமார் 15 கிரெய்ன்)ங்கறதுக்காக வந்தது. 7எம்எம்-08-ன்னா .308 தோட்டாவோட கழுத்தை 7எம்எம் குண்டுக்காக சுருக்கினது, .243-யும் அதே .308-ல இருந்து சுருக்கினதுதான், அந்தக் கணக்குல பார்த்தா ரெண்டும் .308-ஓட தம்பிங்க. பேரை வச்சு பெருசு சின்னது முடிவு பண்ணாதீங்க. .30-30, .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் நாலுலயும் போறது ஒரே 0.308 இன்ச் குண்டுதான், பின்னாடி இருக்குற மருந்தோட அளவுதான் வேற.

.308-க்கும் .30-06-க்கும் நிஜமாவே என்ன வித்தியாசம்?

ஒரே 150 கிரெய்ன் குண்டை .308 வினாடிக்கு சுமார் 2,820 அடி வேகத்துல தள்ளும், .30-06 சுமார் 2,910 அடி வேகத்துல தள்ளும். அவ்ளோதான். நூறு அடிகூட வித்தியாசம் இல்ல, இதுக்காக மணிக்கணக்கா சண்டை போடுறவங்களை நான் பார்த்திருக்கேன். .308 வந்தது 1952-ல, புதுசா வந்த மருந்தால பழைய .30-06 செஞ்ச வேலையை சின்ன கூட்டுலயே செய்ய முடிஞ்சது. தோட்டா நீளம் கம்மியானதால ரைஃபிளோட ஆக்‌ஷனும் குட்டை, அதாவது தோட்டாவை உள்ள ஏத்தி காலிக் கூட்டை வெளிய தள்ற பகுதி சின்னது, அதுல இருக்குற போல்ட்டுங்கற தண்டை இழுக்குற தூரம் அரை இன்ச் குறையும், துப்பாக்கி கொஞ்சம் லேசாவும் வரும். .30-06 முன்னாடி நிக்கிறது 180 கிரெய்னும் அதுக்கு மேலயும் போடும்போது, அதாவது எல்க், மூஸ் மாதிரி பெரிய மான் ஜாதிக்கு. மானுக்கு மட்டும்னா .308 போதும், ஆனா அப்பாவோட பழைய .30-06 பீரோல கிடக்குன்னா அதை வித்துட்டு .308 வாங்குறது வீண் வேலை.

.270 எப்படி? பெரியவங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க.

பெரியவங்க சொல்றதுல காரணம் இருக்கு. 1925-ல வந்தது, .30-06 குடும்பத்து கூட்டுலதான் கழுத்தை சுருக்கி செஞ்சாங்க. 130 கிரெய்ன் குண்டு சுமார் 3,060 அடி வேகத்துல கிளம்பும், அதனால பாதை ரொம்ப தட்டையா இருக்கும். 200 கெஜத்துல ஸீரோ வச்சீங்கன்னா (அந்தத் தூரத்துல குறி வச்ச இடத்துலயே குண்டு படுற மாதிரி ஸ்கோப்பை சரி பண்றது) 300 கெஜத்துல ஆறேழு இன்ச்தான் இறங்கும், அதே கணக்குல .308 எட்டு ஒன்பது இன்ச் இறங்கும். தூரத்தை கண்ணால குத்துமதிப்பா பார்த்து சுட்ட காலத்துல இந்த ரெண்டு இன்ச் பெரிய சமாச்சாரம், இப்ப தூரம் அளக்குற ரேஞ்ச்ஃபைண்டர் கையில இருக்கும்போது அந்த அளவுக்கு இல்ல. ஜாக் ஓ'கானர்ங்கற எழுத்தாளர் பல வருஷம் இதைப் புகழ்ந்து எழுதினதும் இது இவ்வளவு பரவினதுக்கு ஒரு காரணம். வெட்டவெளியில மான் தேடுறவங்களுக்கு இன்னிக்கும் அருமையான காலிபர். நீளமான ஆக்‌ஷன் வேணும்ங்கறது மட்டும்தான் குறை, அதுவும் ஒரு குறையான்னு கேட்டா இல்லதான்.

6.5 கிரீட்மூர் அவ்வளவு பெரிய விஷயமா, இல்ல சும்மா விளம்பரமா?

ரெண்டும்தான். 2007-ல ஹார்னடிங்கற தோட்டா கம்பெனி கொண்டுவந்தது, மானுக்காக இல்ல, தூரத்து டார்கெட் போட்டிக்காக. அதோட பலம் வேகம் இல்ல, 143 கிரெய்ன் குண்டு 2,700 அடி வேகத்துலதான் கிளம்புது, பலம் எங்கன்னா குண்டு ஒல்லியா நீளமா காத்தைக் கிழிச்சுட்டுப் போற வடிவத்துல இருக்கு, பேரலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற வரிப்பள்ளமும் 8 இன்ச்சுக்கு ஒரு சுத்துன்னு அந்த நீளக் குண்டுக்கு ஏத்த மாதிரியே வருது. பக்கக்காத்து அடிக்கும்போது 300 கெஜத்துல சாதாரண .308 வேட்டை குண்டு விலகுறதுல கிட்டத்தட்ட பாதிதான் இது விலகும். உதையும் கம்மி. ஆனா 120 கெஜத்துல புதர் ஓரத்துல நிக்கிற மானுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல. அந்த கம்மி உதைக்காகவே வாங்கலாம், அது நியாயமான காரணம். "ஆயிரம் கெஜத்துல மான் சுடலாமாமே"ன்னு வாங்காதீங்க, குண்டு அவ்வளவு தூரம் போய்ச் சேர ஒரு வினாடிக்கு மேல ஆகும், அதுக்குள்ள மான் ஒரு அடி எடுத்து வச்சாலே குண்டு நெஞ்சுக்குப் பதிலா வயித்துல போய் விழும்.

இன்னொரு விஷயம், ஸ்வீடன் நார்வே பக்கம் 6.5x55-ங்கற தோட்டாவை 1890-கள்ல இருந்தே வச்சிருக்காங்க, அதுல மூஸ் வரைக்கும் அடிச்சுட்டுத்தான் இருக்காங்க. 6.5 எம்எம் குண்டு நல்லா வேலை செய்யும்ங்கறது புது கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல.

.243 மானுக்கு சின்னதா இல்லையா? பையனுக்கு/பொண்ணுக்கு வாங்கலாமா?

1955-ல இருந்து இதுல எத்தனையோ மான் விழுந்திருக்கு, சின்னது இல்ல. 100 கிரெய்ன் குண்டு சுமார் 2,960 அடி வேகம், உதை .308-ல பாதியை விட கொஞ்சம்தான் கூட. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு, கவனமா படிங்க. .243-க்கு கடையில ரெண்டு ஜாதி தோட்டா கிடைக்கும். 55, 58 கிரெய்ன் குண்டு நரி, முயல் மாதிரி சின்ன உயிர்களுக்கானது, குண்டோட மேல்கவசம் மெல்லிசு, பட்ட இடத்துலயே சிதறிடும். அதை மான் தோள்பட்டையில அடிச்சீங்கன்னா மேலால ஒரு பெரிய புண்ணு ஆகும், உள்ள போகாது, மான் ஓடிப்போய் எங்கயோ கஷ்டப்பட்டு சாகும். 90-ல இருந்து 100 கிரெய்ன், டப்பாவுல மானுக்குன்னு போட்டிருக்குறதை மட்டும் வாங்குங்க. முழுக்க காப்பரால செஞ்ச குண்டா இருந்தா 80, 85-கூட சரி.

பசங்களுக்கு நல்ல காலிபர்தான், ஆனா புதுசா பழகுறவங்களுக்கு சின்ன குண்டைக் கொடுத்துட்டு தூரத்துல சுடச் சொல்றது தப்பு. கிட்டத்துல, பக்கவாட்டுல நிக்கிற மானை மட்டும் சுடணும்ங்கறதை முதல்லயே சொல்லி வச்சுடுங்க.

.30-30 லீவர் ஆக்‌ஷன் பழசாயிருச்சா?

1895-ல வந்தது, பழசுதான். லீவர்ன்னா டிரிக்கரைச் சுத்தி இருக்குற கைப்பிடியை கீழ இறக்கி ஏத்தி அடுத்த தோட்டாவைப் போடுறது. 150 கிரெய்ன், 2,390 அடி. நூத்தம்பது கெஜம் வரைக்கும் அடர்ந்த காட்டுல அது இன்னிக்கும் ராஜா. குழாய் மேகஸின் இருக்குற துப்பாக்கியில கூர்மையான உலோக முனை குண்டு மட்டும் போடாதீங்க, ஒரு தோட்டாவோட மூக்கு முன்னாடி இருக்குறதோட பிரைமர்ல (தோட்டா அடியில, அடிபட்டா தீப்பிடிக்கிற பொட்டு) முட்டிக்கிட்டு நிக்கும், உதையில உள்ளயே வெடிக்க வாய்ப்பு இருக்கு. தட்டை மூக்கு, இல்லன்னா இதுக்காகவே செஞ்ச மெத்து முனை குண்டு.

.223-ல மான் சுடலாமா? ஏற்கனவே ஒண்ணு இருக்கு.

முதல்ல உங்க ஊர் சட்டத்தைப் பாருங்க, பல இடத்துல கூடாது. அனுமதி இருந்தாலும் 60 கிரெய்னுக்கு மேல, மானுக்குன்னே செஞ்ச கெட்டியான குண்டு, நூறு கெஜம், பக்கவாட்டு நிலை, இவ்வளவும் சேர்ந்து அமைஞ்சாதான். பழைய ரைஃபிள்ல 12 இன்ச்சுக்கு ஒரு சுத்து பேரல் இருந்தா அந்த நீளக் குண்டு நேரா பறக்கவும் பறக்காது. முடியும், ஆனா தப்புக்கு இடமே கொடுக்காத காலிபர். நான் பண்ண மாட்டேன்.

மேக்னம் வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்ல?

மேக்னம்னா மருந்து அதிகமா பிடிக்கிற பெரிய தோட்டா. இந்தக் கேள்விக்கு என் கதையைத்தான் சொல்லணும். நான் முதல்ல வாங்கினது .300 வின்செஸ்டர் மேக்னம், கடையில இருந்தவர் "ஒரே தடவை செலவு, நாளைக்கு எல்க் அடிக்கலாம்"னார், நானும் தலையாட்டிட்டேன். எல்க்கை இன்னிக்கு வரைக்கும் படத்துலதான் பார்த்திருக்கேன். ரேஞ்சுல அஞ்சு ரவுண்டுல மூணு எங்கயோ போகும், ரெண்டு நடுவுல விழும், ஸ்கோப் சரியில்லைன்னு ஸ்கோப்பை மாத்தினேன், மவுண்ட்டை மாத்தினேன், தோட்டா கம்பெனியை மாத்தினேன். கடைசியில கூட வந்த நண்பர் எனக்குத் தெரியாம தோட்டாக்களுக்கு நடுவுல மருந்து இல்லாத ஒரு டம்மி ரவுண்டைப் போட்டுக் கொடுத்தார். டிரிக்கரை இழுத்தேன், க்ளிக்னு சத்தம் மட்டும் வந்துச்சு, ஆனா பேரல் முனை ரெண்டு இன்ச் கீழ குத்திச்சு, கண்ணை மூடியிருக்கேன், தோளை முன்னால தள்ளியிருக்கேன். வெடிக்காத துப்பாக்கிக்கே அந்த பயம். மாத்தவேண்டியது ஸ்கோப்பை இல்ல என்னைத்தான்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

எட்டு பவுண்டு ரைஃபிள்ல தோளுக்கு வர்ற உதை சுமாரா இப்படி இருக்கும்: .243 ஒன்பது அடி-பவுண்டு (சக்தியை அளக்குற அளவு), 6.5 கிரீட்மூர் பன்னெண்டு, .308-யும் .270-யும் பதினாறு பதினேழு, .30-06 இருபது, .300 மேக்னம் இருபத்தஞ்சுக்கு மேல. இருபதைத் தாண்டினா நிறைய பேருக்கு நாள் முழுக்க பயிற்சி பண்ண முடியாது, பயிற்சி இல்லன்னா குறி இல்ல. பேரல் முனையில மசில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டுல திருப்புற துளை போட்ட குழல்) போட்டா உதை குறையும், ஆனா சத்தம் காதைப் பிளக்கும், பக்கத்துல நிக்கிறவன் உங்களைத் திட்டுவான். லேசான ரைஃபிளா தேடுறவங்களும் கவனிங்க, அதே .308 ஆறு பவுண்டு துப்பாக்கியில கிட்டத்தட்ட .30-06-ஐயும் தாண்டி உதைக்கும்.

டம்மி ரவுண்டு சோதனையை நீங்களும் பண்ணிப் பாருங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

மானை வீழ்த்த 1,000 அடி-பவுண்டு வேணும்னு சொல்றாங்களே?

அது ஒரு குத்துமதிப்புக் கணக்கு, இயற்கை விதி இல்ல. சக்தி மானைக் கொல்றது இல்லைங்க, குண்டு நெஞ்சுக்குள்ள போற வழியில என்னத்தைக் கிழிச்சுதுங்கறதுதான் கொல்லுது. 2,500 அடி-பவுண்டு வயித்துல பட்டா மான் ராத்திரி முழுக்க நடக்கும், அதுல பாதி சக்தி நுரையீரல்ல பட்டா நூறு கெஜத்துக்குள்ள படுத்துடும். ஆனா தூரத்துக்கு ஒரு எல்லை வச்சுக்க இந்தக் கணக்கு உதவும், உங்க தோட்டா எந்த தூரத்துல ஆயிரத்துக்குக் கீழ போகுதுன்னு டப்பாவுலயே போட்டிருப்பாங்க. சக்தியை விட நான் பார்க்குறது வேகத்தை, ஏன்னா குண்டு விரியுறதுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேணும், சாதாரண ஈயக் குண்டுக்கு வினாடிக்கு 1,800 அடி பக்கம், நிறைய காப்பர் குண்டுக்கு 2,000 அடி பக்கம். அதுக்குக் கீழ போனா ஊசி மாதிரி துளைச்சுட்டுப் போயிடும்.

அப்ப குண்டுதான் முக்கியமா? எந்த வகை வாங்கணும்?

ஆமா, காலிபருக்குப் போடுற சண்டையில பாதியை இதுக்குப் போட்டிருந்தா எவ்வளவோ நல்லது. ராணுவ மாதிரி முழுசா உலோகம் மூடின குண்டு வேட்டைக்கு வேண்டவே வேண்டாம், விரியாம பென்சில் ஓட்டை போட்டுட்டுப் போகும், நிறைய இடத்துல சட்டப்படியும் தடை. சாதாரண சாஃப்ட் பாயிண்ட், அதாவது காப்பர் கிண்ணத்துக்குள்ள ஈயம், முனையில ஈயம் தெரியும், விலை கம்மி, மான் அளவு உயிருக்கு .308, .270 வேகத்துல நல்லாவே வேலை செய்யும். பிளாஸ்டிக் முனை வச்சது சீக்கிரம் விரியும், தூரத்துக்கு நல்லது, ஆனா கிட்டத்துல எலும்புல பட்டா சிலது ரொம்பவே உடையும்.

அதுக்கு மேல போனா ஈயத்தையும் கவசத்தையும் ஒட்ட வச்ச பாண்டட் வகை, அப்புறம் நடுவுல சுவர் வச்ச பார்ட்டிஷன். இந்த பார்ட்டிஷன் வந்த கதை சுவாரஸ்யம், ஜான் நோஸ்லர்னு ஒருத்தர் 1946-ல மூஸ் வேட்டைக்குப் போனப்ப அவரோட மேக்னம் குண்டுங்க உள்ள போகாம மேலயே உடைஞ்சுடுச்சு, அந்தக் கடுப்புல வீட்டுக்கு வந்து குண்டுக்கு நடுவுல ஒரு தடுப்பு வச்சார், முன்பாதி விரியும் பின்பாதி அப்படியே துளைச்சுட்டுப் போகும். மேக்னம் வச்சிருந்தவருக்கே குண்டுதான் காலை வாரிச்சு, யோசிச்சுப் பாருங்க.

முழு காப்பர் குண்டு இப்ப அதிகமாயிட்டு வருது. எடை குறையாம ஆழமாப் போகும், கறியில ஈயத் துகள் இருக்காது. ஈயம் காப்பரை விட கனமானதுங்கறதால அதே எடைக்கு காப்பர் குண்டு நீளமா இருக்கும், அதனால ஒரு படி லேசானதை எடுத்து வேகமா விடணும், .308-ல 165-க்குப் பதில் 150 இல்ல 130. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலை 1-ல இருந்து வேட்டைக்கு ஈயமில்லா குண்டு மட்டும்தான், அந்த மாதிரி இடத்துல யோசிக்க ஒண்ணுமே இல்ல.

எத்தனை கிரெய்ன்?

மானுக்கு .243-ல 90–100, 6.5-ல 120–143, .270-ல 130, 7எம்எம்-08-ல 140, .308-லயும் .30-06-லயும் 150 இல்ல 165. மூணு நாலு வகை ஒவ்வொரு டப்பா வாங்கி எது உங்க பேரலுக்குப் பிடிக்குதுன்னு பாருங்க, ஒரே கம்பெனி ஒரே மாடல் ரெண்டு ரைஃபிள்கூட ஒண்ணுக்குப் பிடிச்சது இன்னொண்ணுக்குப் பிடிக்காது.

கறி ரொம்ப வீணாகுமா?

வேகமான குண்டு, மெல்லிசு கவசம், தோள்பட்டை எலும்பு, இந்த மூணும் சேர்ந்தா ரெண்டு தோளும் ரத்தக்கட்டா போகும். விலா வழியா அடிச்சா எந்த காலிபரா இருந்தாலும் பெருசா வீணாகாது.

எங்க சுடணும்? மான் ஓடிருச்சுன்னா காலிபர் பத்தலைன்னு அர்த்தமா?

பக்கவாட்டுல நிக்கிற மானுக்கு முன்னங்கால் பின்னோரம், உடம்போட உயரத்துல கீழ இருந்து மூணுல ஒரு பங்கு. வெள்ளைவால் மானுக்கு இதயமும் நுரையீரலும் சேர்ந்து சுமார் எட்டு இன்ச் வட்டம்தான். நீங்க வேட்டையில உட்கார்ற, நிக்கிற நிலையில எத்தனை கெஜம் வரைக்கும் அந்த எட்டு இன்ச்சுக்குள்ள எல்லா ரவுண்டையும் போட முடியுதோ அதுதான் உங்க தூரம், தோட்டா டப்பாவுல எழுதியிருக்குறது இல்ல. பெஞ்சுல மணல்மூட்டை வச்சு சுட்டதைக் கணக்குல எடுக்காதீங்க, காட்டுல பெஞ்சு கிடையாது. பின்பக்கத்தை லேசா நம்ம பக்கம் திருப்பி நிக்கிறதும் நல்ல நிலைதான், அப்ப எதிர்ப்பக்க முன்னங்காலைக் குறி வையுங்க. முகத்துக்கு நேரா, பிட்டத்துக்கு நேரா நின்னா காத்திருங்க. பின்னாடி மண்மேடு இருக்கான்னு பார்க்காம எந்த காலிபர்லயும் சுடக்கூடாது, ரைஃபிள் குண்டு மைல் கணக்குல போகும்.

நுரையீரல் ரெண்டும் போன மான்கூட ஐம்பது நூறு கெஜம் ஓடும், அது சாதாரணம், அதைப் பார்த்துட்டு பெரிய காலிபர் வாங்கப் போகாதீங்க. இளஞ்சிவப்பா நுரையோட ரத்தம்னா நுரையீரல், கொஞ்ச நேரத்துல போய்ப் பார்க்கலாம். கருஞ்சிவப்புன்னா ஈரல், ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. பச்சையா நாத்தத்தோட இருந்தா குடல், ஆறு மணி நேரத்துக்கு மேல காத்திருக்கணும், அவசரப்பட்டு துரத்தினா எழுந்து கண்காணாம போயிடும். மரத்துமேல உக்காந்து சுட்டீங்கன்னா, மான் கடைசியா நின்ன இடத்தை நல்லா அடையாளம் வச்சுட்டு எறங்குங்க, நான் முதல் தடவை மரத்துல இருந்து எறங்கின உடனே எந்தப் புதர்னு தெரியாம அரை மணி நேரம் சுத்தினேன்.

ஸீரோ எவ்வளவு தூரத்துல வைக்கிறது?

.30-30-க்கு நூறு கெஜம். மத்ததுக்கெல்லாம் நூறு கெஜத்துல ரெண்டு இன்ச்சுக்குள்ள உயரமா படுற மாதிரி வச்சீங்கன்னா அது 200 கெஜ ஸீரோவுக்குப் பக்கம் வந்துடும், 250 வரைக்கும் நடுவுல பிடிச்சு சுடலாம்.

சட்டம் காலிபரைப் பத்தி ஏதாவது சொல்லுதா?

சொல்லுது, இடத்துக்கு இடம் மாறும், இதைப் பார்க்காம ரைஃபிள் வாங்குறது ஆழம் தெரியாம காலை விடுற மாதிரி. இங்கிலாந்து, வேல்ஸ்ல பெரிய மான் ஜாதிகளுக்கு குறைஞ்சது .240 காலிபர், 1,700 அடி-பவுண்டு. ஜெர்மனியில ரோங்கற சின்ன மானுக்கு 100 மீட்டர்ல 1,000 ஜூல், அதைவிடப் பெரிய மான்களுக்கு 6.5 எம்எம் குறுக்களவும் 2,000 ஜூலும் வேணும், அங்க .243 ரோ மானோட நின்னுடும். அமெரிக்காவோட கொலராடோவுல குறைஞ்சது .24 காலிபர், 70 கிரெய்ன். ஒஹாயோவுல இன்னும் வேடிக்கை, ரைஃபிள்னா கழுத்து சுருங்காத நேர்சுவர் தோட்டா மட்டும்தான், .308 எல்லாம் மானுக்குக் கூடாது, அந்த மாதிரி இடங்களை மனசுல வச்சுத்தான் வின்செஸ்டர் 2019-ல .350 லெஜண்ட் கொண்டுவந்தது. வருஷா வருஷம் மாறும், சீசனுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுங்க.

உள்ள போகுது, பொருந்துதுன்னா வேற தோட்டா போடலாமா?

கூடவே கூடாது. பேரல்ல பொறிச்சிருக்குற பேரும் தோட்டா அடியில இருக்குற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைஃபிள் மேகஸின்ல அழகா உக்காரும், சில சமயம் அறைக்குள்ளயும் போயிடும், டிரிக்கர் இழுத்தா 0.308 குண்டு 0.224 பேரல்ல போக வழியில்லாம துப்பாக்கியே வெடிக்கும். ரெண்டும் வச்சிருக்குறவங்க ஒரே பையில எடுத்துட்டுப் போகாதீங்க.

வீட்டுல பழைய லீ என்ஃபீல்டு .303 இருக்கு. அதை விட்டுட்டு புதுசு வாங்கணுமா?

உங்க ஊர் சட்டம் ஒத்துக்குதுன்னா வேண்டாம். துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உட்கார்ற அறைக்கும் போல்ட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி), பேரல் தேய்மானம் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க. சரியா இருந்தா 180 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்ட், சுமார் 2,460 அடி வேகம், இருநூறு கெஜம் வரைக்கும் எந்த மானுக்கும் தாராளம். நீங்களே காலிக் கூட்டுல குண்டும் மருந்தும் போட்டு தோட்டா ரீலோட் பண்றவரா இருந்தா .308 குண்டை வாங்கிடாதீங்க, .303-க்கு 0.311 இல்ல 0.312 இன்ச் வேணும், பேரலை அளந்துட்டு வாங்குங்க. புது ரைஃபிளுக்கு வச்சிருந்த காசுக்கு தோட்டா வாங்கிட்டு சீசனுக்கு முன்னாடி ஒரு ரெண்டு மாசம், வாரம் இருபது ரவுண்டு, பெஞ்சு இல்லாம.